நடை சாத்துகிற நேரம்

கம்ப்யூட்டர் ரூம் சாவி என்னிடம் இருந்தது. காஞ்சிபுரத்தில் அந்தப் பள்ளியில் நான் ஆயாம்மா. கூட்டுவேன், துடைப்பேன், மணி அடிப்பேன், ஆபீசுக்கு டீ வாங்கி வருவேன். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். மூன்றாவது வரை படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் தெரியாது.

ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. பள்ளியிலேயே அந்த ரூமில்தான் ஏசி. செருப்பை வெளியே விட வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். காலையில் உறையை எடுத்து மடிப்பேன். சாயந்திரம் மாட்டுவேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் யாரையும் கேட்டதில்லை. ஆறாவது, ஏழாவது, எட்டாவது பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு முறை வந்து திரையில் சீட்டு விளையாடிவிட்டுப் போவார்கள். அதற்குக் கம்ப்யூட்டர் வகுப்பு என்று பெயர்.

அப்புறம் புது டீச்சர் வந்தார். சின்ன காஞ்சிபுரத்துப் பெண். கோயில் குடும்பம். அப்பாவுக்குப் பெருமாள் கோயிலில் கைங்கரியம். ஒல்லியாக இருப்பார். சத்தம் போட மாட்டார். வேலை தற்காலிகம் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

முதல் வகுப்பில் கம்ப்யூட்டரையே போடவில்லை. உறையை எடுக்க வேண்டாம் என்றார்.

"அக்கா, ஆபீஸ்ல இருந்து ஒரு நாற்காலி கொண்டு வரீங்களா?"

கொண்டுவந்தேன். அதைப் பிள்ளைகளைப் பார்த்தாற்போல முன்னால் போட்டார். தான் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றார்.

"இதுல ஒருத்தர் உக்காந்திருக்கார். நீங்க செய்யப்போற வெப் பேஜை அவர்தான் பார்க்கப் போறார். யாரு அவர்?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"பேய் மிஸ்."

"பேய்க்கு எதுக்குடா வெப் பேஜ்? வேற யாரு?"

கண்ணாடி போட்ட ஒரு பையன் எழுந்தான். எட்டாவது. எதற்கும் முதலில் எழுந்து நிற்பவன். "எல்லாரும் மிஸ். இன்டர்நெட்ல போட்டா உலகமே பார்க்கும்."

"உலகம் இந்த நாற்காலியில உக்காராதுப்பா. ஒருத்தர்தான் உக்கார முடியும். ஒருத்தரைச் சொல்லு."

அவன் நாற்காலியைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தம்மா தேறாது என்று நினைத்தேன்.

அடுத்த சில வகுப்புகளும் அப்படித்தான். ஆனால் பிள்ளைகள் மாறினார்கள். உள்ளே வந்ததும் நாற்காலியைச் சுற்றி நின்று சண்டை போட ஆரம்பித்தார்கள். ஒருவன் அமெரிக்காவில் இருக்கும் மாமாவை உட்கார வைத்தான். ஒருத்தி கலெக்டரை உட்கார வைத்தாள். கடைசியில் ஒரு குடும்பம் ஜெயித்தது. கல்யாணப் பட்டுப்புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிற குடும்பம். எந்த ஊர் என்று டீச்சர் விடவில்லை. சேலம் என்றார்கள். எத்தனை பேர்? அம்மா, பையன், பையனுடைய அக்கா, அக்காவின் கைக்குழந்தை. இதற்கு முன்னால் காஞ்சிபுரம் வந்திருக்கிறார்களா?

"வந்ததே இல்ல மிஸ்."

"இங்கிலீஷ் படிப்பாங்களா?"

"அந்த அம்மா படிக்க மாட்டாங்க. எங்கம்மா மாதிரி."

இதைச் சொன்னது தென்னேரியிலிருந்து வருகிற பெண். அவளும் எட்டாவது. அப்பாவுக்குத் தறி. ரெட்டைப் பின்னல், கொஞ்சம் திக்கிப் பேசுவாள். அந்த வகுப்பில் அவள் வாயைத் திறந்து நான் கேட்டது அன்றுதான்.

ஒருநாள் தாளாளர் ரூமுக்குள் வந்தார். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருப்பவர். சுற்றுக் கிராமத்து விவசாயக் குடும்பம். கட்சியிலும் இருந்தார். நல்ல மனுஷன்தான். குரல் மட்டும் மில் சத்தத்துக்குப் பழகிய குரல்.

"இன்னாம்மா நாற்காலி? யாராவது வராங்களா?"

"சேலத்துல இருந்து ஒரு குடும்பம் சார்," என்றான் கண்ணாடிப் பையன்.

தாளாளர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டீச்சர் விளக்கிச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். ஸ்கூல் பில்டிங் போட்டோ, என் போட்டோ, ரிசல்ட். இதைப் போடும்மா" என்றார்.

"சேலத்துல இருந்து வர்றவங்க உங்க போட்டோவைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்புவாங்க சார்?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் அது திமிர். டீச்சர் அதை நிஜமாகவே கேட்டார். தாளாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் போகும்போது வாசலில் நின்று சொன்னார். என் காதில் விழுந்தது.

"உன் இஷ்டப்படி செய். ஆண்டு விழாவுக்குள்ள நாலு பேரு நல்லா இருக்குதுன்னு சொல்லணும். சொன்னா உனக்கும் வேலை, சின்னப் பசங்களுக்கும் வகுப்பு. இல்லன்னா கம்ப்யூட்டர் எல்லாம் பிளஸ் டூவுக்குப் போய்டும். அவங்களுக்கு வேற சார் இருக்காரு."

டீச்சர் தலையாட்டினார். பிள்ளைகளிடம் அதை ஒளிக்கவில்லை. அப்படியே சொன்னார். "பயமா இருக்கா?" என்று கேட்டார். "இருக்குது மிஸ்" என்றார்கள். "எனக்கும்தான். ஆரம்பிக்கலாம்" என்றார்.

அதற்கப்புறம்தான் உறையை எடுக்கச் சொன்னார்.

பிள்ளைகள் இங்கிலீஷில் ஏதோ வரிவரியாக எழுதினார்கள். ஒரு புள்ளி விட்டுப்போனால் திரையில் எல்லாம் கோணிக்கொள்ளும். தமிழ் எழுத்து வேறு ஊர்க் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வருமாம். அதனால் எழுத்தையே படம் பிடித்தாற்போல ஆக்கி ஒட்டினார் டீச்சர். ஒவ்வொரு வரியாக ஆக வேண்டிய வேலை. மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து செய்தார். நான் டிபன் டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். திரும்பிப் போனால் அப்படியே இருக்கும்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க உக்காந்து பாருங்க."

"நானா? எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"தெரியாதவங்கதான் வேணும்."

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எலி மாதிரி இருந்ததை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். அதோடு சரி. பிள்ளைகள் என் பின்னால் நின்றார்கள். எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அது டீச்சர் வைத்த சட்டம்.

திரையில் ஊதாக் கலரில் சிவப்பு எழுத்து. அது பஸ் போர்டு போல ஓடிற்று. நான் "கா" என்று கூட்டினேன். "ஞ்" சொல்வதற்குள் எழுத்து அந்தப் பக்கம் போய்விட்டது. மறுபடி வரும்வரை காத்திருந்தேன். மறுபடியும் "கா".

"ஓடிக்கினே இருக்குதேம்மா. நிக்கச் சொல்லு."

பின்னால் ஒரு சிரிப்பு. டீச்சர் திரும்பிப் பார்த்தார். நின்றுவிட்டது.

"ஆயாம்மா, அந்தப் பச்சை பட்டனை..." என்று கண்ணாடிப் பையன் கையை நீட்டினான்.

"கை," என்றார் டீச்சர்.

"மிஸ், சொன்னாத்தானே தெரியும்?"

"சேலத்துக்குப் பேஜோட நீயும் போவியாப்பா? ஒவ்வொருத்தர் வீட்டுலயும் பின்னாடி நின்னுக்கினு பச்சை பட்டனைக் காட்டுவியா?"

அவன் கையைக் கட்டினான். நான் தேடினேன். கிடைக்கவில்லை. எழுந்துவிட்டேன். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பையன் முகம்தான் வாடியிருந்தது. ஓடுகிற எழுத்து அவன் வேலை. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்தானாம்.

அடுத்த வகுப்பில் எழுத்து ஓடவில்லை. வெள்ளையில் கறுப்பு. பெரிதாக, குட்டி குட்டி வரியாக. அவனேதான் மாற்றியிருந்தான். நான் முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். நேரம் ஆனது. பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வருவது, எந்தத் தெருவில் என்ன கடை, அசல் ஜரிகையை எப்படிப் பார்ப்பது, எந்த ஓட்டலில் சாப்பாடு. எல்லாம் இருந்தது. கடைசியில் 'ஒரு நாளில் காஞ்சிபுரம்' என்று ஒரு பக்கம். தென்னேரிப் பெண் எழுதியது.

காலையில் பட்டு எடுங்கள். பட்டின் நிறத்தைக் காலை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், டியூப் லைட்டில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பிறகு சாப்பாடு. சாப்பிட்ட பிறகு அம்மன் கோயில். புடவையை அம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு ஊர் திரும்பலாம்.

"நல்லா இருக்குதும்மா," என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. ஒரு வார்த்தை எனக்குப் புரியாமல் இல்லை. டீச்சர் பிரவுசிங் சென்டரில் கொண்டுபோய் அதை இன்டர்நெட்டில் ஏற்றினார்.

அந்தச் சமயம் தாளாளர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கோபிப் பக்கம். முகூர்த்தப் புடவை எடுப்பது அவர்கள் பொறுப்பு. பெண் வீட்டுக்காரர்கள் உடன் வரக் கூடாது, அது அவர்கள் வழக்கம். நாங்களே போய் எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம். தாளாளருக்குப் பெருமை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம் செய்திருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். அவர்களும் அவர்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் பார்த்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பக்கம் சொன்னபடியே நடந்தார்கள். காலையில் பட்டு. நல்ல புடவை அமைந்தது. சாப்பிட்டார்கள். புடவையை எடுத்துக்கொண்டு ஒரு மணிக்கு அம்மன் கோயிலுக்குப் போனார்கள்.

கதவு சாத்தியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நடை சாத்துவார்கள். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். எங்கள் ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சூரியன் எங்கே உதிக்கும் என்று சொல்வோமா? சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து, எழுந்து கோயிலுக்குப் போவோம். அந்தப் பெண் எழுதினாள், வகுப்பே படித்தது, டீச்சர் படித்தார், நானும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்களுக்கு அரக்கோணத்தில் பிற்பகல் ரயில். நாலு மணி வரை இருக்க முடியாது. புடவையை அம்மன் காலடியில் வைக்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஊருக்குப் போனதும் போன் செய்தாராம். சண்டை போடவில்லை. "அம்மன் கதவைச் சாத்திப்போட்டா சம்பந்தி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். சகுனம் என்று அந்த வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது.

மறுநாள் காலையில் தாளாளர் டீச்சரைக் கூப்பிட்டார். என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். போகச் சொல்ல யாருக்கும் நினைவில்லை. சுவர் ஓரமாக நின்றேன்.

"கல்யாண வீடும்மா! ஒரு வரி எழுத மாட்டியா? கோயில் ஊர்ல பொறந்த பொண்ணு நீ!"

டீச்சர் முகம் வெளுத்திருந்தது. பள்ளியில் எங்களைப் போலப் பேசுகிறவர், அன்று அவர் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"எங்காத்துல அப்பா தினமும் பன்னெண்டரைக்குச் சாப்பிட வருவார் சார். நடை சாத்தியாச்சுன்னாதான் வருவார். பொறந்ததுலேர்ந்து பார்க்கறேன். எனக்கே தோணலை. தப்பு என்னோடது. குழந்தைகளோடது இல்லை."

"இப்ப இன்னா பண்றது?"

"அவங்களுக்கு ஒரு போன் போடணும் சார்."

"போட்டு? மன்னிச்சுக்கோன்னா கதவு திறந்துடுமா?"

"மன்னிப்பும் கேக்கணும். இன்னொன்னும் கேக்கணும். பேஜ்ல வேற என்னெல்லாம் இல்லைன்னு."

தாளாளர் அவரையே பார்த்தார். நான் அந்த ஆளிடம் பல வருஷம் வேலை பார்த்தவள். அடுத்தது கையை மேஜையில் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. போனைத் தள்ளினார்.

டீச்சர் உடனே எண்ணைப் போடவில்லை. "அக்கா, அந்தப் பொண்ணைக் கூட்டிக்கினு வாங்க" என்றார்.

போனேன். தென்னேரிப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அழுதிருந்தாள். என்னோடு நடந்து வரும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "மிஸ்ஸை அனுப்பிடுவாங்களா ஆயாம்மா?" தெரியாது என்றேன். எனக்குத் தெரியாது.

போனில் சத்தம் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்கள். தாளாளர் முதலில் பேசினார். பிறகு டீச்சர் மாப்பிள்ளையின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம் "செரிங்க, செரிங்க" என்று மட்டும் வந்தது. ஐஸ் மாதிரி. டீச்சர் அந்தப் பெண்ணின் முதுகில் கை வைத்தார்.

"நா... நான்தாங்க எழுதினேன்."

"நீ ஆரு கண்ணு?"

"எட்டாவதுங்க."



"எட்டாவதா? ஆரோ பெரியவங்க எழுதுனதுன்னல்லோ நெனச்சோம்."

"கோயில் சாத்தும்னு எழுதல. எங்களுக்குத் தெரியும், அதனால எழுதல. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணலைங்க."

அழாமல் சொன்னாள். திக்கினாள், நின்றாள், மறுபடி சொன்னாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்தம்மா இளகியது எனக்குக் கேட்டது. குரல் மாறிற்று.

"கதவுகிட்ட நின்னு ஒரு பூக்காரம்மாவைக் கேட்டமுங்க. சிரிச்சுப்போட்டா. 'நாலு மணிக்கு வாம்மா, அம்மன் தூங்குது'ன்னா. எனக்கு அழுவாச்சியா வந்துருச்சு. பேத்தி பசியில கத்துறா. கல்லுல கால் வெக்க முடியல. செருப்பை வேற எங்கியோ விட்டுப்போட்டு வந்தாச்சு."

"செருப்பு எங்க விட்டீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"எங்கன்னு சொல்றது கண்ணு? ஒரு கடையோரம்."

"பஸ் ஸ்டாண்டுல எறங்கினதும் முதல்ல எந்தப் பக்கம் பார்த்தீங்க? எங்க வழி தெரியாம நின்னீங்க? குடிக்கத் தண்ணி கெடைச்சுதா?"

அவள் கேட்டுக்கொண்டே போனாள். அந்தம்மா சொல்லிக்கொண்டே போனார். பாத்ரூமுக்கு அலைந்தது. பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என்று பஸ்காரர் கேட்டதும் விழித்தது. புரோக்கர் ஒருவன் பின்னாலேயே வந்தது. தாளாளர் முதலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"இத்தனை கேக்கறயே கண்ணு, முன்னயே கேட்டிருந்தா நல்லா இருந்திருக்குமல்லோ?"

"ஆமாங்க. வெளியூர்ல எங்களுக்கு யாரையும் தெரியாது. நாற்காலிதான் இருந்துச்சு."

"நாக்காலியா?"

டீச்சர் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அந்த அறையில் அன்றைய முதல் சிரிப்பு அது.

போனை வைத்ததும் தாளாளர் சொன்னார். "கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க ஒருக்கா வருவாங்க. புடவையை வெச்சு எடுக்க வந்துதான் ஆவணும். அதுக்குள்ள சரி பண்ணு. அவங்க ஒத்துக்கினா சரி. இல்லன்னா நான் சொன்னதுதான்."

அந்தச் சனிக்கிழமை டீச்சர் எட்டாம் வகுப்பை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். ஒவ்வொருவர் கையிலும் பழைய பக்கத்தின் பிரிண்ட்.

"இப்ப நீங்க யாரும் இந்த ஊர் இல்ல. கோபியிலிருந்து இப்பதான் எறங்கியிருக்கீங்க. தாளில் இருக்கிறபடிதான் போகணும். தாளில் இல்லன்னா நின்னுடணும். தெரிஞ்ச வழியில போகக் கூடாது."

முதல் அடியிலேயே நின்றுவிட்டார்கள். 'கிழக்கே திரும்பவும்' என்று எழுதியிருந்தது. கிழக்கு எது என்று தாளில் இல்லை.

கண்ணாடிப் பையனுடைய பெரியப்பா அந்த வழியே சைக்கிளில் வந்தார். "இன்னாடா இங்க நிக்கிற?" என்றார்.

"நான் கோபிங்க. எனக்கு உங்களைத் தெரியாது."

"வீட்டுக்கு வா, தெரியவைக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பிறந்ததிலிருந்து வருகிற ஊர். அன்றுதான் பார்த்தேன் என்று சொல்லலாம். பிள்ளைகள் ஒவ்வொரு முக்கிலும் நின்று மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். எந்தப் போர்டு மரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, எந்த வாசலில் படி உயரம், எங்கே நிழல். விளையாட்டு போலத்தான் ஆரம்பித்தார்கள். ஒரு மணிக்குச் சாத்திய கதவின் முன்னால் போய் நின்றபோது யாரும் விளையாடவில்லை. செருப்பில்லாமல் நிற்கச் சொன்னார் டீச்சர். அவரும் நின்றார். கல் சுட்டது. கால் மாற்றி மாற்றி நின்றோம். தென்னேரிப் பெண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"போதும் வா," என்று நான் இழுத்தேன்.

"அவங்க கையில புடவை இருந்துச்சு ஆயாம்மா," என்றாள்.

புதுப் பக்கம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், கோயில் பகலில் நடை சாத்தும் நேரம். அதற்குக் கீழே இரண்டு வழி. சாமி மட்டும் கும்பிடுகிறவர்கள் முதலில் கோயிலுக்குப் போங்கள். புடவையை அம்மன் காலடியில் வைக்கிறவர்கள் நாலு மணிக்குமேல் இருந்து போகிற மாதிரி ரயில் பாருங்கள். செருப்பு எங்கே விடுவது. பாத்ரூம் எங்கே. கிழக்கு மேற்கு ஒன்றும் இல்லை. மணிக்கூண்டைப் பார்த்து நில்லுங்கள், உங்கள் சோற்றுக்கைப் பக்கம் திரும்புங்கள் என்று இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா கோபியிலிருந்து வந்தார். கோயிலுக்குப் போய்ப் புடவையை வைத்து எடுத்தாயிற்று. அப்புறம் தாளாளரே பள்ளிக்குக் கூட்டிவந்தார். கனத்த உடம்பு, மூக்குத்தி, மஞ்சள் பூசிய முகம். பேத்தி இடுப்பில். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். டீச்சர் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். பிள்ளைகள் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தம்மா என்னைவிட வேகமாகப் படிப்பார். உதடு மட்டும் அசைந்தது. ஒரு இடத்தில் நின்று தேடினார்.

"இங்க பாருங்க சம்பந்தி, இந்தப் பட்டனை..." என்று தாளாளர் கையை நீட்டினார்.

"சார்," என்றாள் தென்னேரிப் பெண். திக்கவில்லை. "கையைப் பின்னாடி கட்டிக்கணும் சார்."

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தாளாளர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய மனுஷன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்தம்மா தானே கண்டுபிடித்துவிட்டார். கடைசி வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கைக்கொழந்தைக்குப் பால் குடுக்க எடம் எங்கன்னு போடலயே கண்ணு. எம் பொண்ணு அன்னைக்கு அதுக்குத்தான் ரொம்பத் தவிச்சா."

தாளாளர் முகம் இறுகிற்று. ஆயிற்று, போயிற்று என்று நினைத்தேன்.

தென்னேரிப் பெண் பென்சிலை எடுத்தாள். "எந்த இடத்துல தேடினீங்க? கடைத்தெருவிலயா, கோயில்கிட்டயா?"

அந்தம்மா அவளைப் பார்த்தார். பிறகு அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார்.

"ரண்டு எடத்துலயுந்தான் கண்ணு," என்றார். தாளாளர் பக்கம் திரும்பினார். "கேக்கற புள்ளைங்க சம்பந்தி. எங்கூர்ல பெரியவங்களே கேக்க மாட்டாங்க. செரியாத்தான் வளத்தியிருக்கறீங்க. அம்மன் அன்னைக்குக் கதவைச் சாத்துனது எனக்கல்ல, இந்தப் புள்ளைங்களுக்குத்தான்னு வெச்சுக்கறேன்."

தாளாளர் தொண்டையைக் கனைத்தார். கை இன்னும் பின்னால்தான் இருந்தது.

"ஜூன்ல ஆறாவதுல இருந்தே நடத்துங்க டீச்சர்," என்றார். அதுவரை அவர் டீச்சரை வாங்க போங்க என்று பேசி நான் கேட்டதில்லை.

டீச்சர் "சரிங்க சார்" என்றார். கண் நிறைந்திருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"பால் குடுக்க எடம். யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மூன்று பிள்ளை பெற்றவள் நான். இந்த ஊரில் எங்கெங்கோ மூலையில் உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறேன். இடம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினோம். பேச வேண்டியது அந்தப் பெண்தான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். முதல் கடையில் விரட்டினார்கள். இரண்டாவதில் சிரித்தார்கள். அவள் திக்கித் திக்கி அடுத்த கடைக்கும் அதையே சொன்னாள். கடைத்தெருக் கோடியில் ஒரு பட்டுக் கடைக்காரர் மாடியில் ஸ்டாக் ரூமைக் காட்டினார். கதவு உண்டு, மின்விசிறி உண்டு.

"புடவை வாங்கலன்னாலும் பரவால்லம்மா. குழந்தைக்காரங்கன்னு சொல்லிட்டு மேல போகச் சொல்லு. அப்படியே எழுதிக்கோ."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.